ராத்திரியில் இறங்கும் முள்: யாக்-52இன் காற்றுக் கசிவை எங்கிருந்து தேடுவது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் நான்கு பேர் சேர்ந்து ஒரு யாக்-52 பயிற்சி விமானம் வைத்திருக்கிறீர்கள். சாயங்காலம் பறந்துவிட்டு ஹேங்கரில் நிறுத்தும்போது காற்றழுத்த முள் 50இல் (ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 50 கிலோ) நிற்கிறது. மறுநாள் காலையில், ஏறக்குறைய 12 மணி நேரம் கழித்துப் பார்த்தால் 30. சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்த்தீர்கள், ஒன்றும் தெரியவில்லை. கூட்டாளி ஒருவர், காற்றை அழுத்தி நிரப்பும் கம்ப்ரசரை மாற்றிவிடலாம் என்கிறார். மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உண்மையில் உங்களுக்குத் தெரிய வேண்டியது, இத்தனை பைப்பும் வால்வும் உள்ள ஒரு அமைப்பில் தேடலை எங்கே தொடங்குவது என்பதுதான். இந்த வகை விமானங்களில் பல வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

உறுதியாகச் சொல்லக்கூடிய விஷயம் ஒன்று உண்டு. ராத்திரியில் என்ஜின் ஓடவில்லை, அதனால் கம்ப்ரசரும் ஓடவில்லை. ஓடாத கம்ப்ரசர் பலவீனமாக இருந்தால் என்ன, பலமாக இருந்தால் என்ன? காற்றைச் சேமிக்கும் பாட்டிலில் ஏற்கெனவே நிரம்பிய காற்று குறைவதற்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஒரே ஒரு வழியில்தான் அந்தப் பக்கம் காற்று போக முடியும். கம்ப்ரசருக்கும் பாட்டிலுக்கும் நடுவில் உள்ள ஒருவழி வால்வு சரியாக மூடாவிட்டால், காற்று வந்த பாதையிலேயே திரும்பிப் போகும். அப்போதும் பழுது வால்வில்தான், கம்ப்ரசரில் அல்ல. ஆகவே கம்ப்ரசருக்குப் பணத்தை இப்போதே எடுத்து வைக்காதீர்கள்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக இந்த அமைப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். யாக்-52 சோவியத் வடிவமைப்பு. 1976இல் முதலில் பறந்தது, ருமேனியாவின் பகாவ் நகரில் தயாரானது. மற்ற விமானங்களில் ஹைட்ராலிக் எண்ணெயோ மின்மோட்டாரோ செய்கிற வேலையை இதில் காற்று செய்கிறது. சக்கரங்களை மடக்குவது, இறக்குவது, தரையிறங்கும்போது இறக்கையில் விரியும் ஃபிளாப், பிரேக் எல்லாம் காற்றில்தான். ஒன்பது சிலிண்டர் எம்-14பி என்ஜினை முதலில் சுழற்றி உயிர் கொடுப்பதும் காற்றுதான். கடுங்குளிரில் எண்ணெய் குழம்பாகிவிடும், பேட்டரி சோர்ந்துவிடும், ஆனால் காற்று காற்றாகவே இருக்கும். அந்தக் குளிரில் வேலை செய்தவர்கள் யோசித்துச் செய்த ஏற்பாடு இது. முக்கிய பாட்டில் 11 லிட்டர், அவசரகால பாட்டில் 3 லிட்டர், அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 50 கிலோ. இதேபோலக் காற்றில் இயங்கும் சீன சிஜே-6 விமானத்தின் ஏற்றுமதி வடிவமான பிடி-6இலும் இலங்கை விமானப்படையினர் திருகோணமலை சீனக்குடாவில் பறக்கக் கற்றிருக்கிறார்கள். பைப் போகும் வழி அதில் வேறு, ஆனால் கசிவு தேடும் முறையில் பெரிய மாற்றம் இல்லை.

சரி, முதலில் கசிவே அல்லாத ஒன்றைக் கணக்கிலிருந்து கழித்துவிடுவோம். பறந்து இறங்கியவுடன் பாட்டிலில் உள்ள காற்று சூடாக இருக்கும். அது 30 டிகிரி என்றும், விடியற்காலை ஹேங்கர் 5 டிகிரி என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு துளி காற்றுகூட வெளியே போகாமலே 50 என்று காட்டிய முள் 46க்கு வந்துவிடும். அது வெறும் குளிர்ச்சி. இதைக் கசிவு என்று நினைத்து வாரக்கணக்கில் தேடியவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் என்ஜினை நிறுத்தி இரண்டு மணி நேரமாவது கழித்து முதல் அளவை எடுங்கள். பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டு, அழுத்தத்தோடு வெப்பநிலையையும் எழுதி வையுங்கள்.

உங்கள் 20 கிலோ இறக்கத்தில் 4 கிலோ குளிரால் என்றே கொள்வோம். மீதி 16 கிலோ. பாட்டில் 11 லிட்டர், ஆகவே வெளியே போன காற்று சாதாரண அழுத்தத்தில் சுமார் 176 லிட்டர். 12 மணி நேரத்துக்கு வகுத்தால் நொடிக்கு 4 மில்லி. ஒரு டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவான காற்று, ஒவ்வொரு நொடியும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது எனக்கு எப்போதும் உதவியிருக்கிறது, ஏனென்றால் எவ்வளவு பெரிய கசிவைத் தேடுகிறோம் என்று அது சொல்லிவிடுகிறது. நொடிக்கு 4 மில்லி என்பது கண்ணுக்குத் தப்பக்கூடிய அளவு அல்ல. ஒரே யூனியனில் (பைப்புகளை இணைக்கும் மூட்டு) அது வெளியேறினால் சோப்பு நுரை கொப்பளித்துக்கொண்டு வரும். நீங்கள் எல்லா யூனியனிலும் தெளித்தும் நுரை வரவில்லை என்றால் மூன்று சாத்தியங்கள் உண்டு. நீங்கள் தெளிக்காத இடம் ஒன்று இருக்கிறது. அல்லது பல இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது. அல்லது காற்று உள்ளுக்குள்ளேயே ஒரு சீலை (காற்றை அடைக்கும் ரப்பர் வளையம்) தாண்டி, அதற்கென்றே உள்ள வெளியேற்றும் துளை வழியாக மரியாதையாக வெளியே போய்க்கொண்டிருக்கிறது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் என் ஊகம் மூன்றாவது. ஆனால் அது ஊகம்தான். விமானத்தைத் தொட்டுப் பார்க்காமல் அதற்கு மேல் சொல்வது சரியாகாது.

ஊகத்தை நிச்சயமாக்க ஸ்பேனரே வேண்டாம், இரண்டு ராத்திரி போதும். முன் காக்பிட்டில் முக்கிய காற்று வால்வு ஒன்று இருக்கிறது அல்லவா, பாட்டிலை மற்ற குழாய்களிலிருந்து பிரிக்கிற வால்வு? பறந்து முடித்ததும் அதை மூடுவது வழக்கம். நீங்கள் மூடினீர்களா என்று கேள்வியில் இல்லை. முதல் ராத்திரி அழுத்தத்தைக் குறித்துக்கொண்டு அதை நன்றாக மூடிவிடுங்கள். காலையில் திறந்து, முள் நிலைக்கு வந்ததும் படியுங்கள். திறந்தவுடன் காலியான குழாய்களை நிரப்பச் சிறிது காற்று போகும், அதனால் ஒன்றிரண்டு கிலோ இறங்குவதைப் பொருட்படுத்த வேண்டாம். இரண்டாவது ராத்திரி அதே அழுத்தத்தில் வால்வைத் திறந்தே விடுங்கள். அந்த ராத்திரி புரொப்பல்லர் பக்கம் யாரும் போகக்கூடாது, காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். மூடிய ராத்திரி அழுத்தம் நின்று, திறந்த ராத்திரி இறங்கினால், பாட்டில் பக்கம் முழுவதும் குற்றமற்றது. இரண்டு ராத்திரியும் ஒரே அளவு இறங்கினால் முக்கிய வால்வுக்கு அப்பால் இருக்கிற எதையும் இப்போதைக்குக் கழற்ற வேண்டாம், பாட்டில் பக்கம் தேடுங்கள். பாதி விமானம் ஸ்பேனர் படாமலே கணக்கிலிருந்து விலகிவிடும்.

இதோடு இன்னொரு சாட்சியும் உங்கள் கண்முன்னே இருக்கிறது. அழுத்தமானியில் இரண்டு முள் உண்டு, ஒன்று முக்கிய பாட்டிலுக்கு, மற்றது அவசரகால பாட்டிலுக்கு. கேள்வியில் ஒரு முள்ளைப் பற்றித்தான் எழுதியிருக்கிறீர்கள். குளிரால் வரும் இறக்கத்தைக் கழித்த பிறகு, முக்கிய முள் இறங்கி அவசர முள் அசையாமல் நின்றால், இரண்டுக்கும் நடுவில் உள்ள ஒருவழி வால்வு நன்றாக இருக்கிறது. இரண்டும் கைகோத்துக்கொண்டு இறங்கினால் அந்த வால்வு மூடாமல் இருக்கலாம். இது மிக மோசமான செய்தி, ஏனென்றால் முக்கிய அமைப்பு காலியாகும் நாளில் சக்கரத்தை இறக்க உங்களுக்கு மிச்சமிருப்பது அந்த 3 லிட்டர்தான். அப்படியென்றால் அது சரியாகும் வரை பறக்க வேண்டாம். அவசர முள் மட்டும் இறங்கினால், சிவப்புக் கைப்பிடி உள்ள அவசர வால்வின் சீல் தேய்ந்திருக்கலாம். அல்லது யாரோ அதை முழுதாக மூடாமல் விட்டிருக்கலாம். கைப்பிடியைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன் ஒன்றும் முடிவு செய்யாதீர்கள்.

மூடிய ராத்திரியும் இறங்குகிறது என்றால் தேட வேண்டிய இடங்கள் குறைவு. பாட்டிலின் கழுத்து, அதன் யூனியன்கள், வெளியிலிருந்து காற்று நிரப்பும் முனை, தண்ணீர் வடிக்கும் திருகு, அப்புறம் ஒருவழி வால்வுகள். இவற்றில் எது முக்கிய வால்வுக்கு எந்தப் பக்கம் என்பதை உங்கள் விமானத்தின் வரைபடத்தில் விரல் வைத்துப் பாருங்கள், ஏனென்றால் ஏற்றுமதியான பிறகு பலவற்றில் பைப்புகளை மாற்றியிருக்கிறார்கள். நிரப்பும் முனையின் மூடியைப் பலர் சந்தேகிப்பதே இல்லை. அந்த முனையில் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீரை விட்டுவிட்டு ஐந்து நிமிடம் அங்கேயே உட்கார்ந்து பாருங்கள். ஒருவழி வால்வு கெட்டுப்போவதற்கு நான் அதிகம் பார்த்த காரணம் அழுக்கு. கம்ப்ரசர் ஈரக் காற்றை அனுப்புகிறது, கூடவே கொஞ்சம் எண்ணெயையும். இரண்டும் சேர்ந்து பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று ஒரு குழம்பாகி வடிகட்டியில் நிற்கும். அதை வடிக்காமல் விட்டால் தண்ணீர் பாட்டில்வரை போகும், பாட்டிலின் உட்சுவரில் துரு பிடிக்கும், அந்தத் துருத்தூள் வால்வு அமர்ந்து மூடும் விளிம்பில் போய் உட்காரும். ஒரு வால்வைக் கழற்றி வெள்ளைத் துணியில் தட்டியபோது மிளகாய்த்தூள் மாதிரி செம்பழுப்பாகக் கொட்டியது. அந்த வால்வைச் சுத்தம் செய்து மாட்டியதும் கசிவு நின்றது. ஆனால் என் மனம் பாட்டிலில்தான் இருந்தது. உள்ளே அவ்வளவு துரு என்றால் சுவர் எவ்வளவு மெலிந்திருக்கும்? பாட்டிலை இறக்கி அழுத்தச் சோதனைக்கு அனுப்பிய பிறகுதான் அந்த விமானத்தைப் பறக்கவிட்டோம்.

திறந்த ராத்திரி மட்டும் இறங்குகிறது என்றால்தான் வேலை சுவாரஸ்யமாகிறது. அங்கே காற்று சத்தம் போடும் இடம் ஒன்று, கசியும் இடம் இன்னொன்று. சக்கரத்தை இயக்கும் சிலிண்டரில் பிஸ்டனின் ஒரு பக்கம் அழுத்தம் இருக்கும், மறுபக்கம், காக்பிட்டில் உள்ள சக்கர லீவர் இயக்கும் லீவர் வால்வின் வழியாக வெளிக்காற்றுக்குத் திறந்திருக்கும். பிஸ்டன் சீல் தேய்ந்தால் காற்று மறுபக்கம் தாண்டி, அந்தப் பைப் வழியாகவே திரும்பி வந்து, லீவர் வால்வின் வெளியேற்றும் துளையில் 'ஸ்ஸ்' என்று வெளியே வரும். கேட்பவர் லீவர் வால்வு கெட்டுவிட்டது என்று நினைப்பார். கழற்றி, ரப்பர் வளையங்களை எல்லாம் மாற்றி, மீண்டும் பூட்டுவார். அதே சத்தம் வரும். நானே ஒருமுறை இப்படி இரண்டு நாளை இழந்தேன். ஒரு குளிர்காலச் சாயங்காலம், மற்றவர்கள் போன பிறகு, ஹேங்கரின் ஹீட்டரை நிறுத்திவிட்டுக் காதை வைத்துக் கேட்டேன். சத்தம் காக்பிட்டுக்குக் கீழே எங்கோ இருந்தது, எங்கே என்று பிடிபடவில்லை. சாப்பாடு சுற்றி வந்த மெல்லிய பாலித்தீன் உறை ஒன்றை எடுத்து, வெளியேற்றும் குழாயின் வாயில் நூலால் தளர்வாகக் கட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வரும்போது உறை உப்பி நின்றது. பிறகு விமானத்தை ஜாக்கில் தூக்கி, சிலிண்டர்களின் திரும்பும் பைப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றின் வாயிலும் அதே உறையைக் கட்டினோம். இரண்டு உறைகள் துவண்டு தொங்கின. இடது சக்கரத்தின் சிலிண்டரில் கட்டியது மட்டும் மெதுவாக விரிந்தது. உள்ளே இருந்த ரப்பர் வளையம் நகத்தால் அழுத்தினால் குழி விழாத அளவுக்கு இறுகியிருந்தது, வளைத்தபோது பொட்டென்று உடைந்தது. லீவர் வால்வில் எந்தக் கோளாறும் இல்லை.

இதிலிருந்து ஒரு எச்சரிக்கை. சக்கர லீவரை அசைக்க வேண்டிய எந்தச் சோதனையையும் விமானம் ஜாக்கில் நிற்கும்போது மட்டுமே செய்யுங்கள். அதையும் இந்த விமானத்துக்குப் பொறுப்பான லைசென்ஸ் பெற்ற இன்ஜினியர் கூட இருக்கும்போது செய்யுங்கள். சக்கரத்தின் பூட்டு பிடித்துக்கொள்ளும் என்று நம்பித் தரையில் லீவரைத் தொட வேண்டாம்.

பிரேக் பக்கம் எளிது. பிரேக்கை அழுத்தி விடும்போது வரும் 'புஸ்' சத்தம் இயல்பானது, அது கசிவு அல்ல. ஒருவர் காக்பிட்டில் உட்கார்ந்து பிரேக் லீவரை அழுத்திப் பிடிக்கட்டும், இன்னொருவர் சக்கரத்தின் அருகே குனிந்து கேட்கட்டும். அழுத்தும்போது மட்டும் வரும் சத்தம் பிரேக்கிலோ அதற்குப் போகும் ரப்பர் குழாயிலோ உள்ள கசிவு. அது ராத்திரி இறக்கத்துக்குக் காரணமாக இருக்காது, ஏனென்றால் ராத்திரியில் யாரும் பிரேக்கை அழுத்தவில்லை. அழுத்தாதபோதும் மெல்லிய சத்தம் வந்தால் பிரேக் வால்வு முழுதாக மூடவில்லை என்று பொருள். அது உங்கள் சந்தேகப் பட்டியலில் மேலே வர வேண்டியது.

சோப்புத் தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாத்திரம் கழுவும் திரவத்தைப் பலர் பயன்படுத்துகிறார்கள். அதில் உப்பு இருக்கும், அலுமினிய பைப்பில் காய்ந்து நின்றால் அரிக்கத் தொடங்கும். கசிவு பார்ப்பதற்கென்றே விற்கும் திரவத்தை வாங்குங்கள், எதைத் தெளித்தாலும் பிறகு நல்ல தண்ணீரில் துடைத்துவிடுங்கள். சின்னக் கசிவு உடனே நுரைக்காது, தெளித்த இடத்துக்குப் பத்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்து பாருங்கள். பைப்பைப் பிடித்திருக்கும் கிளிப்புக்கு அடியிலும் தெளியுங்கள். அதிர்வில் உராய்ந்து பைப் தேய்வது அங்கேதான், கிளிப்பைத் தளர்த்தாமல் அது கண்ணுக்குத் தெரியாது. முக்கியமாக, நுரை வந்த யூனியனை அப்படியே பிடித்து இறுக்கிவிடாதீர்கள். அழுத்தத்தை முழுதாக இறக்கி, கழற்றி, பைப்பின் விரிந்த வாயைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். இறுக்கி இறுக்கியே அந்த வாய் விரிசல் விட்டிருக்கலாம். இன்னும் ஒரு சுற்று இறுக்கினால் இன்று நிற்கும், என்றோ ஒருநாள் பறக்கும்போது பிளக்கும்.

என்ஜினைத் தொடங்கும் காற்றுக் குழாய்கள் தனிக் கதை. ஒவ்வொரு சிலிண்டர் தலையிலும் ஒரு சின்ன வால்வு இருக்கிறது. அது தொடங்கும்போது காற்றை உள்ளே விட வேண்டும், ஓடும்போது எரிந்த வாயுவை வெளியே விடக்கூடாது. அது ஒழுகினால் சூடான வாயு குழாயில் பின்னோக்கி வரும். என்ஜினை நிறுத்திச் சிறிது நேரம் கழித்து ஒன்பது குழாய்களையும் பாருங்கள். ஒன்று மட்டும் பெயின்ட் கருகி நிறம் மாறியிருந்தால் அந்த வால்வுதான். இது உங்கள் ராத்திரிக் கசிவு அல்ல, ஆனாலும் பார்த்துவிடுவது நல்லது. ராத்திரிக் கசிவோடு தொடர்புள்ளது, என்ஜினுக்குக் காற்றைத் திறந்துவிடும் மின்வால்வு. அது ஒழுகினால் காற்று நேராக சிலிண்டருக்குள் போகும். அதனால்தான் புரொப்பல்லர் பக்கம் போகாதீர்கள் என்று சொன்னேன். மேக்னெட்டோ (என்ஜினுக்குத் தீப்பொறி தரும் கருவி) அணைந்திருந்தாலும், காற்று மட்டுமே புரொப்பல்லரை நகர்த்தப் போதும்.

கம்ப்ரசரை எப்போது சந்தேகிக்கலாம்? வெளியிலிருந்து 50 வரை நிரப்பினால் ராத்திரி முழுவதும் நிற்கிறது, ஆனால் பறக்கும்போது 50ஐத் தொடுவதே இல்லை, சக்கரத்தை மடக்கிய பிறகு அழுத்தம் திரும்பி ஏற முன்பைவிட வெகுநேரம் ஆகிறது என்றால் சந்தேகிக்கலாம். அப்போதும் முதலில் வடிகட்டியைப் பாருங்கள், அடுத்து அழுத்தம் 50ஐத் தொட்டதும் மிச்சக் காற்றை வெளியே விடும் ரெகுலேட்டரைப் பாருங்கள். அது சீக்கிரமே திறந்துகொண்டாலும் இதே அறிகுறிதான். அழுத்தமானியே பொய் சொல்கிறதா என்று, நிரப்பும் முனையில் ஒரு நல்ல அளவியை மாட்டி ஒப்பிடுங்கள். கம்ப்ரசர் கடைசி. திரும்பி ஏற எத்தனை நிமிடம் சரி என்று வெளியில் கேட்காதீர்கள். உங்கள் விமானம் நன்றாக இருந்த நாளின் அளவைப் பதிவேட்டில் எழுதி வைத்திருந்தால் அதுதான் சரியான அளவுகோல். இல்லையென்றால் பழுது தீர்ந்த நாளிலிருந்து எழுதத் தொடங்குங்கள்.

சோதனைக்காக வெளியிலிருந்து நிரப்பும்போது உலர்ந்த காற்றோ நைட்ரஜனோ போதும். டைவிங் பாட்டிலில் 200க்கு மேல் இருக்கும், அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர் இல்லாமல் இணைக்க வேண்டாம். ஆக்சிஜன் மட்டும் ஒருபோதும் கூடாது. இந்தக் குழாய்களுக்குள் எண்ணெய்ப் படலம் இருக்கிறது, அழுத்தமான ஆக்சிஜன் அதோடு சேர்ந்தால் வெடிக்கும். சிலிண்டர் கடையில் தவறாகக் கொடுத்துவிடாமல் லேபிளை நீங்களே படியுங்கள். கசிவைத் தேடி விரலை ஓட்டுவதும் வேண்டாம், 50 கிலோ அழுத்தத்தில் மெல்லிய தாரையாக வரும் காற்று தோலைத் துளைத்து உள்ளே போகும்.

இன்று ராத்திரி முக்கிய வால்வை மூடி வையுங்கள், நாளை ராத்திரி திறந்து வையுங்கள். இரண்டு முள்ளும் காட்டிய அளவு, நேரம், ஹேங்கர் வெப்பநிலை மூன்றையும் எழுதி அனுப்புங்கள். நான் செய்ததுபோல வெளியேற்றும் குழாயில் ஒரு மெல்லிய உறையைக் கட்டி, அது உப்பியதா இல்லையா என்பதையும் சேர்த்துச் சொன்னால், அடுத்து எந்தச் சிலிண்டரை, எந்த வால்வை முதலில் திறப்பது என்று என்னால் சொல்ல முடியும்.